ஹோம்ஸைக் கொலைகாரனாக்கிய நாவலும் திருகோணமலை பற்றிய அந்த ஒரு வரியும்

கொட்டியாரக்குடா | வெள்ளி, இரவு 10.15

முதலில் ஓர் எச்சரிக்கை. இந்த நாவலின் முடிவைச் சொல்லித்தான் கதைக்கப்போகிறேன். வாசிக்க நினைத்திருப்பவர்கள் வாசித்துவிட்டு இங்கே வாருங்கள்.

மைக்கேல் டிப்டின் 1978இல் எழுதிய ‘ஷெர்லொக் ஹோம்ஸின் கடைசிக் கதை’. அவருடைய முதல் நாவல். பழைய புத்தகக் கட்டு ஒன்றுக்குள் கிடந்து என் கைக்கு வந்தது. மழை விடாமல் பெய்த இரண்டு இரவுகளில் முடித்துவிட்டேன். மூன்றாம் இரவு படுத்தும் நித்திரை வரவில்லை.

கதை இதுதான். 1888ஆம் ஆண்டு, லண்டனின் கிழக்குப் பக்கத்தில் உள்ள வைட்சப்பலில் பெண்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்படுகிறார்கள். எல்லாம் தன் பரம எதிரி பேராசிரியர் மொரியாட்டியின் கைவேலை என்று ஹோம்ஸ் அடித்துச் சொல்கிறார். நண்பர் வொட்சன் வழக்கம்போல நம்புகிறார். கடைசியில் வொட்சனுக்குத் தெரியவருவது, கொலைகளைச் செய்தது ஹோம்ஸ்தான் என்பது. மொரியாட்டி, சிதைந்துபோன ஒரு பெரும் மூளை தனக்கென்று படைத்துக்கொண்ட எதிரி.

நான் எட்டாம் வகுப்பில் ஹோம்ஸை வாசிக்கத் தொடங்கியவன். இந்த ஊரில் ஹோம்ஸ் வாசித்த எல்லோருக்கும் அந்த ஒரு வரி நினைவிருக்கும். 1891இல் வந்த ‘பொகீமியாவில் ஓர் அவதூறு’ கதையின் முதல் பக்கங்களில், திருமணமாகிப் பிரிந்துபோன வொட்சன், தன் நண்பனைப் பற்றி அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேள்விப்பட்டதைச் சொல்லுவார். ஒடெசாவில் ஒரு கொலை வழக்கு. ஒல்லாந்து அரச குடும்பத்துக்காக ஒரு வேலை. இரண்டுக்கும் நடுவில், திருகோணமலையில் அட்கின்சன் சகோதரர்களுக்கு நேர்ந்த விசித்திரமான துயரத்தின் மர்மத்தைத் துலக்கியது. அவ்வளவுதான். அந்த வழக்கைப் பற்றி, ஹோம்ஸைப் படைத்த கொனன் டொயில் அதற்குமேல் எங்கும் எழுதவில்லை. பேக்கர் வீதிக்காரர் நம்முடைய ஊருக்கு வந்து போயிருக்கிறார் என்று அன்று பாடசாலை முழுவதும் சொல்லித் திரிந்தேன்.

அப்படிப்பட்டவனுக்கு இந்த நாவல் எப்படி இருந்திருக்கும்? நெஞ்சு எரிந்தது. ஆனாலும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. வலித்தது ஹோம்ஸுக்காக இல்லை, வொட்சனுக்காக. மொத்தம் 60 ஹோம்ஸ் கதைகள். நான்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்பவர் வொட்சன். ஹோம்ஸ் பெரியவர் என்று நாம் நம்புவது வொட்சன் நம்பியதால்தான். அந்த நம்பிக்கை பொய்யாகிப்போன பின்பு அவர் செய்வதைப் பாருங்கள். உலகத்துக்குச் சொல்லவில்லை. தாளில் எழுதிப் பூட்டி வைக்கிறார். எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்படும் தாள்களாகத்தான் நாவலே நம் கைக்கு வருகிறது.

நேசித்தவனைக் காட்டிக்கொடுக்கவும் முடியாமல், மன்னிக்கவும் முடியாமல் இருக்கும் ஒரு மனிதனை இவ்வளவு நெருக்கத்தில் நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. உங்கள் கருத்து என்ன? யாராவது வாசித்திருக்கிறீர்களா?

---

டைக் வீதி | வெள்ளி, இரவு 10.50

வாசிக்கவில்லை, வாசிக்கப்போவதும் இல்லை.

அண்ணா, கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். என் அப்பா 1990இல் வீட்டை விட்டுக் கிளம்பியபோது எடுத்து வந்த பைக்குள் இரண்டு புத்தகங்கள் இருந்தன. ஒன்று தேவாரம். மற்றது ஹோம்ஸ் கதைகள். முகாமில் விளக்கு அணையும்வரை எங்களுக்கு அந்தக் கதைகளைத் தமிழில் சொல்லுவார். எவ்வளவு சிக்கலான குழப்பமாக இருந்தாலும் ஒருவர் வந்து பொறுமையாகப் பார்த்தால் விடை கிடைக்கும் என்பதை அந்த வயதில் எங்களுக்குச் சொல்லித்தந்தவர் ஹோம்ஸ்தான். அவரைக் கத்தியோடு நிறுத்திய எழுத்தாளனுக்கு என் வீட்டில் இடமில்லை.

---

உவர்மலை வாசகி | வெள்ளி, இரவு 11.30

நான் வாசித்திருக்கிறேன். என் மறுப்பு வேறு இடத்திலிருந்து வருகிறது.

ஹோம்ஸ் கற்பனை. மொரியாட்டி கற்பனை. அவர்களை எப்படி வேண்டுமானாலும் திருப்பி எழுதுங்கள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் மேரி ஆன் நிக்கல்ஸ், அனி சப்மன், எலிசபெத் ஸ்ட்ரைட், கத்தரின் எடோஸ், மேரி ஜேன் கெலி ஆகிய ஐந்து பேரும் கற்பனை இல்லை. 1888 ஆகஸ்ட் 31 முதல் நவம்பர் 9 வரை, பத்து வாரங்களுக்குள் கொல்லப்பட்ட உண்மையான பெண்கள். வறுமையில் இருந்தவர்கள். அனி சப்மனிடம் அன்றிரவு படுக்கைக்குக் கொடுக்கச் சில காசுகள்கூட இருக்கவில்லை. விடுதியிலிருந்து வெளியே அனுப்பப்பட்டு, விடிவதற்குள் இறந்துபோனாள். கொன்றவன் யார் என்று இன்றுவரை தெரியாது.

இரண்டு ஆண்களின் நட்பு எப்படி உடைகிறது என்பதைக் காட்ட இந்தப் பெண்களின் உடல்கள் தேவைப்பட்டனவா? இதைத்தான் நான் கேட்கிறேன். கொட்டியாரக்குடா, நீங்கள் எழுதியதிலேயே பாருங்கள். ‘பெண்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்படுகிறார்கள்’ என்று ஒரு வரி. பிறகு முழுவதும் வொட்சனின் துக்கம். உங்களைக் குறை சொல்லவில்லை. நாவல் உங்களை அப்படி வாசிக்க வைக்கிறது.

---

கொட்டியாரக்குடா | சனி, காலை 6.40

உவர்மலை அக்கா, நீங்கள் எழுதியதை விடிய எழுந்ததும் வாசித்தேன். பதில் சொல்ல முயலவில்லை. அந்தப் பெயர்களில் ஒன்றையாவது நான் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அது என் பிழை.

டைக் வீதித் தம்பி, உங்கள் அப்பாவின் கதையைச் சொன்னதற்கு நன்றி. புத்தகத்தை வாசிக்கும்படி உங்களை வற்புறுத்தமாட்டேன்.

---

நிலாவெளி ரீச்சர் | சனி, காலை 9.05

முப்பது ஆண்டுகள் தமிழ் படிப்பித்தவள் என்ற உரிமையோடு கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘தெய்வத்தைத் தொடாதே’ என்று நாம் சொல்லவே முடியாது. நம்முடைய இலக்கியம் தொட்டுத்தான் வளர்ந்திருக்கிறது. புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ நினைவிருக்கிறதா? இராமனின் பாதத்தூளி பட்டுக் கல்லிலிருந்து எழுந்த அகலிகை, பின்னொரு நாள், சீதையை அவன் தீக்குளிக்கச் செய்தான் என்று சீதையின் வாயாலேயே கேட்கிறாள். மறுபடியும் கல்லாகிறாள். அந்தக் கதையில் இராமன் செய்யாத எதையும் புதுமைப்பித்தன் அவன் தலையில் கட்டவில்லை. காவியத்தில் இருந்த ஒரு செயலை எடுத்து, அதை இதுவரை யாரும் பார்க்காத ஒருத்தியின் கண்ணால் பார்த்தார். அவ்வளவுதான் செய்தார். அந்தக் கல்லின் பாரம் இன்றும் நம் நெஞ்சில் இருக்கிறது.

என் அளவுகோல் அதுதான். ஒரு பாத்திரத்தை இருட்டுக்குள் கொண்டுபோகிறவன், அந்த இருட்டைப் பாத்திரத்துக்குள்ளிருந்து எடுத்தானா, வெளியிலிருந்து கொண்டுவந்து பூசினானா?

ஹோம்ஸுக்குள் இருட்டு இருந்ததா என்றால், நிறையவே இருந்தது. 1887இல் வந்த முதல் கதையிலேயே, இந்த மனிதன் புதிய நஞ்சு ஒன்றைச் சோதித்துப் பார்ப்பதற்காக நண்பனுக்கே கொஞ்சம் கொடுத்துவிடக்கூடியவன், தானும் அதைக் குடிக்கக்கூடியவன் என்று வொட்சனுக்கு எச்சரிக்கை வருகிறது. இறந்த பின்பும் உடலில் கன்றுமா என்று பார்க்கப் பிணங்களைத் தடியால் அடிக்கிறவர் அவர். 1890இல் வந்த ‘நால்வரின் அடையாளம்’ கொக்கெயின் ஊசியில் தொடங்கி அதே கொக்கெயின் புட்டியில் முடிகிறது. மில்வர்ட்டன் கதையை எடுங்கள். ஒரு வீட்டுக்குள் நுழைவதற்கு வழி தெரியவேண்டும் என்பதற்காக, குழாய் திருத்துபவன் வேடத்தில் அந்த வீட்டு வேலைக்காரப் பெண்ணோடு பழகி, திருமண வாக்கும் கொடுத்துவிடுகிறார். வொட்சனே திடுக்கிடுகிறார். அந்தப் பெண்ணுக்குப் பிறகு என்ன ஆனது? கதை அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள்தான் இந்தக் கதைகளின் அகலிகை என்று எனக்குப் படும்.

இன்னும் ஒன்று. வெறும் தொழில் நிமித்தமாக மூன்று ஆண்டுகள், தான் இறந்துவிட்டதாக வொட்சனை நம்ப வைத்தார். திரும்பி வந்து வேடத்தைக் கலைத்த அன்று வொட்சன் மயங்கி விழுந்தார். அந்த மூன்று ஆண்டுகளில் வொட்சன் மனைவியையும் இழந்திருந்தார். ஆறுதலுக்கு ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?

ஆக, டிப்டினுக்கு வேண்டிய கரி எல்லாம் கொனன் டொயிலின் அடுப்பிலேயே கிடந்தது. ஆனால் அவர் அதை விட்டுவிட்டு லண்டன் பத்திரிகைகள் எழுதித் தள்ளிய கொலையாளி ஒருவனைக் கொண்டுவந்து ஹோம்ஸின் மேலங்கியைப் போட்டுவிட்டார். அந்த வேலைக்காரப் பெண்ணின் கண்ணால் ஒரு நாவல் எழுதியிருந்தால் நான் எழுந்து நின்று கும்பிட்டிருப்பேன்.

---

மட்டிக்களி | சனி, நண்பகல் 12.20

ரீச்சர் சொன்னதோடு முழுக்க உடன்பாடு இல்லை. மொரியாட்டி விடயத்தில் டிப்டின் உள்ளிருந்துதான் எடுத்திருக்கிறார்.

1893 டிசம்பரில் வந்த, ஹோம்ஸும் மொரியாட்டியும் அருவியில் விழுந்து இறந்ததாக முடியும் ‘இறுதிச் சிக்கல்’ கதையை மறுபடியும் வாசித்துப் பாருங்கள். மொரியாட்டியை வொட்சன் நேருக்கு நேராகச் சந்திப்பதே இல்லை. புறப்பட்ட ரயிலின் ஜன்னல் வழியாக, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவரும் உயரமான ஒருவரைப் பார்க்கிறார். அருவிக்கு ஏறும் பாதையில் தொலைவில் ஒரு கறுத்த உருவத்தைப் பார்க்கிறார். மற்ற எல்லாம் ஹோம்ஸின் வாய்மொழி. லண்டனையே ஆட்டிவைக்கும் ஒரு மாபெரும் குற்றவாளி; அவனைப் பற்றி ஒரே ஒருவருக்குத்தான் தெரியும்; அந்த ஒருவரும் கொக்கெயின் பழக்கம் உள்ளவர். இந்தப் பிளவை முதலில் கண்டவரும் டிப்டின் இல்லை. நிக்கலஸ் மேயர் 1974இலேயே தன் நாவலில் மொரியாட்டியை ஒரு பாவப்பட்ட கணித ஆசிரியராக்கி, ஹோம்ஸை வியன்னாவில் சிக்மண்ட் பிராய்டிடம் சிகிச்சைக்கு அனுப்பினார். அதே பிளவுக்குள் மேயர் ஒரு நோயாளியைக் கண்டார், டிப்டின் ஒரு கொலைகாரனைக் கண்டார். மேயரின் ஹோம்ஸ் குணமாகிறார். அந்தக் காரணத்தாலேயே எனக்கு மேயரைப் பிடிக்கும்.

ஆனால் இந்த வாதத்தை உடைக்கும் ஆளும் கொனன் டொயிலிடமே இருக்கிறார். ‘பயப் பள்ளத்தாக்கு’ நாவலில் இன்ஸ்பெக்டர் மக்டொனால்ட். அவர் மொரியாட்டியை நேரில் போய்ப் பார்த்திருக்கிறார். கிரகணம் எப்படி உண்டாகிறது என்று மொரியாட்டி ஒரு விளக்கையும் பூமி உருண்டையையும் வைத்து ஒரு நிமிடத்தில் அவருக்கு விளங்கப்படுத்தியிருக்கிறார். விளக்கு வைத்துப் பாடம் நடத்தியவர் எப்படி மனப்பிரமை ஆவார்? தவிர, அந்த நாவலில் வொட்சனுக்கு மொரியாட்டியின் பெயர் முன்பே தெரியும். ‘இறுதிச் சிக்கல்’ கதையிலோ கேள்விப்பட்டதே இல்லை என்கிறார். வொட்சனின் எந்த வார்த்தையை நம்புவது?

---

கொட்டியாரக்குடா | சனி, பிற்பகல் 2.10

மட்டிக்களி, மக்டொனால்டை நான் மறந்தே போயிருந்தேன். அருமை. ஆனால் டிப்டினுக்கு அங்கேயும் ஒரு வாசல் இருக்கிறது. அவருடைய நாவலில், வொட்சனின் குறிப்புகளை எடுத்துக் கதைகளாக எழுதுபவராகக் கொனன் டொயிலே ஒரு பாத்திரமாக வருகிறார். அப்படியென்றால் 1891க்குப் பிறகு நாம் வாசித்த ஹோம்ஸ் கதைகளெல்லாம் உண்மையை மூடப் போர்த்திய போர்வை என்றாகிவிடுகிறது. விளக்கும் உருண்டையும்கூடப் போர்வையின் பூவேலைதான்.

ரீச்சர், அந்த வேலைக்காரப் பெண்ணைப் பற்றி நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அவளுக்குப் பெயர் இருக்கிறது. அகத்தா.

---

பழைய தபால்காரர் | சனி, மாலை 5.45

பிள்ளைகள் எல்லோரும் லண்டனிலேயே நிற்கிறீர்கள். நான் அட்கின்சன் சகோதரர்களிடம் வருகிறேன்.

எனக்குப் பதினாறு வயதில் ஒரு பைத்தியம் பிடித்தது. துறைமுகப் பக்கத்துப் பழைய ஆங்கிலேயர் மயானத்தில் அட்கின்சன் என்ற பெயரைத் தேடினேன். பாடசாலை விட்டபின் ஒவ்வொரு கல்லாகப் பாசியைச் சுரண்டிப் பார்த்தேன். காய்ச்சலில் போன மாலுமிகள், பச்சைக் குழந்தைகள், இருபது வயது மனைவிகள். சாள்ஸ் ஒஸ்டினின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. ஜேன் ஒஸ்டின் என்ற நாவலாசிரியையின் தம்பி, கடற்படைத் தளபதி. 1852இல் பர்மாவில் வாந்திபேதியில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து புதைத்தார்கள். அட்கின்சன் கிடைக்கவில்லை. கதையில் வருபவனுக்குக் கல் எங்கே இருக்கும் என்று என் தாத்தா கேட்டார். ஆனாலும் நான் நிறுத்தவில்லை.

கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலைக்குப் போகும் வழியில் ஒரு தூண் இருக்கிறது. பிரான்சினா என்ற ஒல்லாந்துப் பெண், காதலன் கப்பலேறிப் போனதைப் பார்த்து அந்த உச்சியிலிருந்து கடலுக்குள் குதித்தாள் என்று ஊரே சொல்லும். பழைய ஒல்லாந்து ஆவணங்களைப் பார்த்தவர்கள், அவள் பிறகு மணமுடித்து வாழ்ந்தாள் என்று எழுதியிருக்கிறார்கள். மலையிலிருந்து விழுந்தவர் எழுந்து வருவது நமக்குப் புதிதில்லை. கொனன் டொயில் 1893இல் ஹோம்ஸை அருவிக்குள் தள்ளினார், 1903இல் எழுப்பிக் கொண்டுவந்தார். பிரான்சினாவை மட்டும் ஊர் இன்னும் எழுப்பவில்லை.

இனி நான் சொல்ல வந்தது. ஹோம்ஸின் வித்தைக்கு அடிப்படை என்ன? லண்டன் மண். காற்சட்டையில் தெறித்த சேற்றின் நிறத்தையும் பதத்தையும் பார்த்து, லண்டனின் எந்தப் பகுதியில் நடந்து வந்தாய் என்று சொல்லுவார். சரி. அவர் இங்கே வந்து இறங்குகிறார். திருகோணமலைக்கு ரயில் வந்ததே 1927இல். 1880களில் என்றால் லண்டனிலிருந்து சுயஸ் வழியாக மூன்று நான்கு வாரம் கப்பல், பிறகு இங்கே வரும் பயணம். செய்தி போய், அவர் வந்து சேரும்போது, மழையோ வெயிலோ தடயம் முழுவதையும் தின்றிருக்கும். நிலாவெளி மணல் எது, மகாவலி கொண்டுவந்து கொட்டியாரத்தில் கொட்டும் சேறு எது, கன்னியாப் பக்கத்து மண் எது என்று அவருக்கு என்ன தெரியும்? எந்தச் சாட்சியின் மொழி அவருக்கு விளங்கும்? அரசாங்க உத்தியோகத்தில் இருந்த ஒரு முதலியார் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்திருப்பார். அந்த முதலியார் எதை விட்டார், எதைச் சேர்த்தார்?

ஆனால் வொட்சன் எழுதுகிறார், ஹோம்ஸ் துலக்கினார் என்று. எதைத் துலக்கினார்? யாரைப் பிடித்துக் கொடுத்தார்? தபால் பையைச் சுமந்தவன் நான். தவறான முகவரிக்குப் போன கடிதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். முத்திரை சரியாக இருக்கும், கையெழுத்து அழகாக இருக்கும், கடிதம் மட்டும் வேறொருவர் கையில் இருக்கும்.

கத்தி எடுத்த ஹோம்ஸைவிட, பிழையாகக் கண்டுபிடித்துவிட்டு நிம்மதியாகக் கப்பலேறிப் போன ஹோம்ஸ்தான் எனக்கு இருண்டவர்.

---

டைக் வீதி | சனி, மாலை 6.30

ஐயா, நேற்று நான் எழுதியதை விட்டுவிடுங்கள். நீங்கள் சொல்லும் புத்தகம் வந்தால் நான் வாசிப்பேன்.

---

பாலையூற்று | சனி, இரவு 8.55

இந்த இழையைக் காலையிலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா என்று பலமுறை யோசித்தேன்.

2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை இந்த ஊரின் கடற்கரையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில், ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். நம்மில் பலருக்கு அவர்களைத் தெரியும். குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் போதிய சாட்சியம் இல்லையென்று 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டார்கள். இதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை.

ஆனால் துப்பறியும் கதையை நான் ஏன் வாசிக்கிறேன் என்று சொல்லவேண்டும். கடைசிப் பக்கத்தில் ஒருவர் எழுந்து நின்று, ‘நடந்தது இது, செய்தவர் இவர்’ என்று சொல்லும் அந்த ஒரு நிமிடத்துக்காக. கதையில் மட்டுமே கிடைக்கும் அந்த நிமிடத்தையும் பிடுங்கிக்கொள்ளும் நாவல்களை, அவை எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும், என்னால் நேசிக்க முடியாது. உண்மையைச் சொல்ல வந்தவனே செய்தவன் என்றால் அந்தத் தாய்மார் யாரிடம் போவார்கள்?

உவர்மலை அக்கா ஐந்து பெயர்களை எழுதியபோது எனக்கு இந்த ஐந்து பேரும்தான் நினைவுக்கு வந்தார்கள்.

---

உவர்மலை வாசகி | சனி, இரவு 9.20

பாலையூற்று, எனக்கும்.

---

கொட்டியாரக்குடா | சனி, இரவு 11.40

இரண்டு மணிநேரமாக எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன்.

பாலையூற்று, நீங்கள் எழுதிய பிறகு நாவலை மறுபடியும் எடுத்தேன். எனக்கு அதில் பிடித்தது வொட்சனின் மௌனம் என்று சொல்லியிருந்தேன். நட்புக்காக வாயைக் கட்டிக்கொண்ட மனிதனின் துயரம் என்று. இன்று வாசித்தபோது அந்த மௌனம் வேறு மாதிரித் தெரிந்தது. அவருக்குத் தெரியும். தெரிந்தும் தாளை மடித்துப் பூட்டுகிறார். அனி சப்மனுக்கும் மேரி கெலிக்கும் யாராவது உறவினர் இருந்திருப்பார்கள்; அவர்களும் அந்தப் பெட்டியைப் போலவே மூடி வைக்கப்பட்டார்கள். நேற்று நான் அழுதது பூட்டியவனுக்காக.

ஆனால் ஒன்றில் நான் இன்னும் நிற்கிறேன். இதை நான் காண்பதற்கு இந்த நாவல்தான் காரணம். நல்ல ஹோம்ஸை மட்டும் வாசித்திருந்தால், சொல்பவரை ஒருபோதும் சந்தேகித்திருக்கமாட்டேன். ஒருவர் ‘துலக்கினார்’ என்று எழுதினால், ‘யார் சொன்னது, யாரிடம் கேட்டுச் சொன்னது’ என்று கேட்டிருக்கமாட்டேன். அட்கின்சன் வரியை வாசித்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. தபால்கார ஐயா இன்று மாலை கேட்ட கேள்வி எனக்கு ஏன் இதுவரை தோன்றவில்லை?

---

செல்வநாயகபுரம் | ஞாயிறு, காலை 7.30

எல்லோருக்கும் வணக்கம். நான் உயர்தரம் படிக்கிறேன். நேற்றிரவு இந்த இழையை வாசித்துவிட்டு ‘பொகீமியாவில் ஓர் அவதூறு’ கதையைத் தேடி எடுத்தேன். ஒன்று கண்ணில் பட்டது. பிழையென்றால் திருத்துங்கள்.

அந்தக் கதை நடப்பது 1888 மார்ச் 20ஆம் திகதி. அட்கின்சன் வழக்கு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. வைட்சப்பல் கொலைகள் அதே ஆண்டு ஆகஸ்ட் 31இல் தொடங்குகின்றன. ஆகவே, டிப்டினின் கதையையும் கொனன் டொயிலின் கதையையும் அடுத்தடுத்து வைத்தால், ஹோம்ஸ் முதலில் திருகோணமலைக்கு வருகிறார், பிறகுதான் அந்தப் பெண்கள் கொல்லப்படுகிறார்கள். இங்கே நடந்த எதையும் வொட்சன் பார்க்கவில்லை. அவருக்குக் கிடைத்தது வெறும் கேள்விச்செய்தி. இரண்டு சகோதரர்கள், ஒரு துயரம், பார்த்தவர் எவரும் இல்லை. அந்த வரிக்குள் என்ன நடந்தது?

---

மட்டிக்களி | ஞாயிறு, காலை 7.55

தங்கச்சி, மயிர்க்கூச்செறிகிறது. திகதிகள் சரிதான். வொட்சனின் திருமணம் எப்போது நடந்தது என்பதில் கொனன் டொயில் தனக்குத்தானே முரண்படுகிறார், ‘நால்வரின் அடையாளம்’ கதையும் 1888 என்றுதான் கணக்கு வரும். ஆனால் மார்ச் 20 என்பது கதையிலேயே எழுதியிருக்கும் திகதி.

---

நிலாவெளி ரீச்சர் | ஞாயிறு, காலை 8.40

மகள், அதை நீ எழுது. விமர்சனமாக வேண்டாம், கதையாக எழுது. டிப்டினின் ஹோம்ஸை இங்கே இறக்காதே, அது அவருடையது. தபால்கார ஐயா சொன்னவரை இறக்கு.

கொனன் டொயிலின் ‘ஆழத்திலிருந்து’ என்ற சிறுகதையைத் தேடிப் பார். 1892இல் எழுதியது. இலங்கையில் கோப்பிச் செடிகளை நோய் தின்று தோட்டக்காரர்கள் அழிந்ததிலிருந்து அது தொடங்குகிறது. வோட்டர்லூவில் நிற்கும் சிங்கச் சிலையைப்போல, இலங்கையின் தேயிலைத் தோட்டங்களும் வீரத்துக்கு ஒரு நினைவுச்சின்னம் என்று அதில் எழுதியிருப்பார். அந்த வீரத்தில் கொழுந்து பறித்தவர்களுக்கு ஒரு சொல்லும் இல்லை. அட்கின்சன் சகோதரர்களும் கோப்பியில் அழிந்து இந்தத் துறைமுகத்துக்கு வந்து ஒதுங்கியவர்களாக இருக்கலாம் என்று எனக்கு ஓர் எண்ணம். எடுத்துக்கொள்வதும் விடுவதும் உன் விருப்பம்.

---

கொட்டியாரக்குடா | ஞாயிறு, காலை 9.15

டிப்டின் நாவல் வேண்டுமென்றால் என்னிடம் இருக்கிறது, தங்கச்சி. பொது நூலகத்துக்குக் கொண்டுவந்து தருகிறேன். பாடத்தை விட்டுவிட்டு வாசிக்கக்கூடாது, பரீட்சை முடியட்டும்.

---

செல்வநாயகபுரம் | ஞாயிறு, இரவு 9.50

நன்றி அண்ணா. நன்றி ரீச்சர். பரீட்சைவரை பொறுக்க முடியவில்லை, முதல் பக்கத்தை இன்றே எழுதிவிட்டேன். கதையைச் சொல்பவர் வொட்சன் இல்லை, அந்த மொழிபெயர்ப்பாளர். சாட்சி சொல்ல வருபவள் அட்கின்சன் வீட்டில் தண்ணீர் அள்ளிக் கொடுத்த பெண். அவள் தமிழில் சொன்னதை அவர் இங்கிலீஷில் சொல்லும்போது, ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விடுகிறார். அங்கே நிற்கிறது.

தபால்கார ஐயா, உங்களிடம் ஒரு கேள்வி. அந்தக் காலத்தில் சாட்சியின் வாக்குமூலத்தை எழுதி முடித்த பிறகு, அதை அவளுக்குத் தமிழில் திரும்ப வாசித்துக் காட்டுவார்களா? அல்லது கைநாட்டு மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்களா? அது தெரிந்தால்தான் இரண்டாம் பக்கத்துக்குப் போகலாம்.